அத்தை ஏறியது குதிரையா, கழுதையா?

கேதார்நாத்துக்கு நடை தொடங்குகிற கௌரிகுண்டில், விடியற்காலை நாலரை மணிக்கு, பல் கிட்டுகிற குளிரில் நின்றுகொண்டிருந்தோம். சுற்றிலும் லத்தி வாடை, மணிச்சத்தம், இந்தியில் பேரம். அங்கிருந்து கோயிலுக்கு ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர் ஏற்றம். அத்தைக்கு முழங்கால் ரெண்டும் தேய்ந்து பல வருஷம் ஆகிறது, நடக்கிற பேச்சே இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு வந்தால், அதில் "கோடா-கச்சர்" என்று சேர்த்தே அச்சடித்திருக்கிறது. கோடா என்றால் குதிரை. கச்சர்?

பையன் ஒருத்தன் பழுப்பு நிறத்தில் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். பெயர் மோதியாம். அத்தை அதை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா, இது குதிரைதானே? காது என்ன இவ்வளவு நீளமா இருக்கு?"

நியாயமான கேள்வி. உடம்பு குதிரை, உயரமும் கிட்டத்தட்ட குதிரை. ஆனால் தலை கனம், மூக்கைச் சுற்றி மாவில் முக்கியெடுத்த மாதிரி வெளுப்பு, பிடரி மயிர் சாயாமல் பிரஷ் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. சந்தேகத்தைத் தீர்த்துவைக்க அதுவே வாயைத் திறந்தது. குதிரை மாதிரி கனைக்க ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி, கழுதைக் கத்தலில் கொண்டுபோய் முடித்தது. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கழுதையா?" என்றாள். நான் "கோவேறு கழுதை அத்தை" என்றேன். அந்தக் குளிரில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். ஒரு மிருகத்துக்கு அம்மா குதிரை, அப்பா கழுதை. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது? ஒவ்வொரு மொழியும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது, பெயர் என்பதே ஒரு தீர்ப்புதானே.

நாம் கழுதை பக்கம் சேர்த்துவிட்டோம். நாம் மட்டுமில்லை, மலையாளத்தில் கோவர்கழுத, கன்னடத்தில் ஹேசரகத்தெ, தெலுங்கில் கஞ்சரகாடித. நாலு மொழியிலும் முன்னால் என்ன அடைமொழி வந்தாலும் கடைசியில் கழுதைதான் நிற்கிறது. சமஸ்கிருதம் நேர் எதிர். அங்கே இதற்கு அசுவதரம் என்று பெயர், அசுவம் என்றால் குதிரை. "தர" என்பது சாதாரணமாக ஒப்பிட்டு உயர்த்திச் சொல்ல வருகிற விகுதி என்பதால் "குதிரையைவிட மேலான குதிரை" என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன், ஆனால் பாணினி இதற்கென்றே ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார். கன்று, எருது, குதிரை, காளை இந்த நாலு சொல்லோடும் இந்த விகுதி சேர்ந்தால் அந்தத் தன்மை மெலிந்தது என்று பொருள். ஆக அசுவதரம் என்றால் குதிரைத்தனம் கொஞ்சம் கம்மியான குதிரை. உபநிடதங்களில் ஒன்றின் பெயரான சுவேதாசுவதரத்துக்குள்ளேயும் இதே மிருகம்தான் நிற்கிறது, வெள்ளைக் கோவேறு கழுதை உடையவர் என்று.

கிரேக்கர்கள் அரைக்கழுதை என்றார்கள், ஹெமியோனோஸ். இந்தப் பெயரைப் பின்னால் விஞ்ஞானிகள் எடுத்து, கலப்பே இல்லாத ஒரு காட்டுக்கழுதை இனத்துக்குச் சூட்டிவிட்டதுதான் வேடிக்கை. நம் குஜராத் கட்ச் ரண்ணில் கூட்டம் கூட்டமாக ஓடுகிறதே அது அந்த இனம்தான், பாவம், முழுக் கழுதையாகப் பிறந்தும் ஏட்டில் அரைக்கழுதை.

சரி, மிருகத்தையே கேட்டால் என்ன சொல்லும்? பதில் இருக்கிறது. தென்னமெரிக்க மலைகளிலும் அமெரிக்காவின் மேற்கிலும் கோவேறு கழுதைக் கூட்டத்தை ஓட்டுகிறவர்கள், ஒவ்வொன்றையும் கட்டி இழுக்க மாட்டார்கள். ஒரே ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மணியைக் கட்டி முன்னால் விடுவார்கள், அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் அந்த மணிச்சத்தத்துக்குப் பின்னாலேயே போகும், ராத்திரி மேயவிட்டாலும் அவளை விட்டு ரொம்ப தூரம் போகாது. ஸ்பானியத்தில் அந்தக் குதிரைக்கு மாத்ரினா என்று பெயர், நம்மூர் மாதா கோயிலில் சொல்கிற ஞானத்தாய். கழுதை என்று நாலு மொழியில் நாம் பெயர் வைத்தாலும் அதுகள் அம்மா பக்கம்தான்.

பெட்டை என்று எழுதியதும் யாராவது முகம் சுளிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. ஒட்டகம், குதிரை, கழுதை, மரை இந்த நாலுக்கும் பெண்பாலைப் பெட்டை என்று சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியலே உரிமை கொடுத்திருக்கிறது. குதிரையில் ஆணைச் சேவல் என்றும் சொல்லலாமாம், ஆனால் அதை இப்போது சொன்னால் பிரியாணிக்கா என்று கேட்பார்கள்.

கோவேறு என்பதைப் பிரித்தால் கோ, ஏறு. அரசன் ஏறுகிற கழுதை. எங்கள் தெருவில் கழுதை மேல் ஏற்றுவது என்றால் அது தண்டனை, கரும்புள்ளி செம்புள்ளி குத்தித்தான் ஏற்றுவார்கள். அப்படியிருக்க எந்த ராஜா கழுதை மேல் போனான் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குக் குழப்பம். விவிலியம் வாசித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்காது. தாவீது ராஜாவுக்கு வயதாகி, அடுத்து யார் என்று இழுபறி வந்தபோது, என் கோவேறு கழுதையின் மேல் சாலொமோனை ஏற்றிக் கீகோனுக்குக் கொண்டுபோங்கள் என்கிறார். கிரீடம் சூட்டுகிற மாதிரிதான் அது, ராஜாவின் வாகனத்தில் வேறு எவன் ஏற முடியும்? அவருடைய இன்னொரு மகன் அப்சலோம் போரில் தப்பி வரும்போது ஏறியிருந்ததும் கோவேறு கழுதைதான். தலை கர்வாலி மரத்தில் மாட்டிக்கொள்ள, அது பாட்டுக்குக் கீழே நழுவிப் போய்விட, ஆள் அந்தரத்தில் தொங்குவான். இத்தனைக்கும் இருவேறு ஜாதி மிருகங்களைச் சேர விடாதே என்று லேவியராகமத்தில் கட்டளையே இருக்கிறது. சேர்க்கத்தான் கூடாது, ஏறலாம் போல.

ராஜா சமாசாரம் அங்கேயே முடியவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் தன் பண்ணையில் நல்ல கோவேறு கழுதைகளை உண்டாக்க ஆசைப்பட்டு, உசத்தி ரக ஆண் கழுதை வேண்டுமென்று அலைந்தார். ஸ்பெயின் அந்த ரகத்தை வெளியே விடாது. கடைசியில் ஸ்பெயின் ராஜா மூன்றாம் சார்லஸே ஒன்றைப் பரிசாக அனுப்பிவைத்தார், 1785-இல் வந்து இறங்கியது. அதற்கு வாஷிங்டன் வைத்த பெயர் ராயல் கிஃப்ட். ராஜ பரிசு!

நம் பழைய இலக்கியத்தில் கோவேறு கழுதைக்கு அத்திரி என்று பெயர். அத்திரி என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது முனிவரும் இல்லை மலையும் இல்லை, அத்திரிபாச்சா கொழுக்கட்டைதான். மாமியார் வீட்டில் தின்ற கொழுக்கட்டையின் பெயர் மறந்துவிடாமல் இருக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, அப்புறம் வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு போன கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் நினைவு நம் பேச்சைக் கேட்கிறதா?

அத்திரி வருகிற இடம் பெரும்பாலும் கடற்கரை. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா முடிந்து கடலாடப் போகிறபோது மாதவி வையம் என்கிற வண்டியில் ஏறுகிறாள், கோவலன் அத்திரி ஏறுகிறான். புகார் நகரத்துப் பெரிய வணிகன் வீட்டுப் பிள்ளை, பெண் வண்டியில் வர, பக்கத்தில் கோவேறு கழுதையில் போகிறான் என்றால் அது அன்றைக்கு எவ்வளவு பகட்டான வாகனமாக இருந்திருக்க வேண்டும்! நற்றிணை 278-இல் உலோச்சனார், காதலன் வந்த வழியை அவன் வாயால் சொல்ல வைக்கவில்லை. கழிச்சேற்றில் நடந்து வந்த அத்திரியின் குளம்பில் சிவந்த இறால் நசுங்கி ஒட்டியிருக்கிறது, கழுத்து மாலையெல்லாம் வாடைக்காற்று அடித்த வெண்மணல். அவ்வளவுதான் சாட்சி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் கோவேறு கழுதையின் காலைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்த்திருக்கிறார். வெறும் கற்பனையில் அந்த இறால் அங்கே போய் ஒட்டாது.

அகநானூறு 120-இல் நக்கீரர் காட்டுகிற அத்திரிக்குக் காலில் காயம். உப்பங்கழியைக் கடக்கும்போது சுறா தாக்கிவிட்டது. "புண்தாள் அத்திரி" என்று ரெண்டே சொல். தோழி அதைச் சாக்காக வைத்து, இந்தக் காலோடு இருட்டில் எப்படித் திரும்பிப் போவாய், ஆட்களோடு ராத்திரி எங்கள் ஊரில் தங்கிவிட்டுப் போனால் என்ன கெட்டுவிடும் என்று தலைவனைக் கேட்கிறாள். மிருகத்தின் மேல் கரிசனம் மாதிரி இருக்கும், ஆனால் விஷயம் வேறு.

மோதிக்கும் பின்னங்காலில் முட்டிக்குக் கீழே ஒரு காயம் இருந்தது. ஊதா மருந்து தடவி விட்டிருந்தார்கள், அதன் மேல் ஈ. ஏறும்போது நான் கவனிக்கவில்லை, பாதி வழியில் தண்ணீர் காட்ட நிறுத்தினபோதுதான் பார்த்தேன். சுறா கடித்ததில்லை, ஒரே நாளில் மேலும் கீழும் எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறார்களோ அந்தக் கணக்கு கடித்தது. பையனைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் அத்தையை இறக்கி நடக்க வைத்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பழைய சொல் வேசரி. வடமொழியில் வேசரம் என்றால் கோவேறு கழுதை. கோயில் கட்டடக் கலை பற்றிப் பேசும்போது நாகரம், திராவிடம், வேசரம் என்று மூன்றை அடுக்குவார்களே, அந்த வேசரம் வடக்குப் பாணியும் தெற்குப் பாணியும் கலந்தது என்பதால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. கோயில் விமானத்தைப் பார்த்து இது கோவேறு கழுதைப் பாணி என்று சொல்லும் தைரியம் அந்தக் காலத்து ஸ்தபதிகளுக்கு இருந்திருக்கிறது என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் உண்டாக்கிய நூற்பு இயந்திரத்துக்கும் ம்யூல், அதாவது கோவேறு கழுதை, என்றுதான் பெயர் விழுந்தது, அதற்கு முன்பிருந்த ஜென்னி, தண்ணீர்ச் சட்டம் என்கிற இரண்டு நூற்பு இயந்திரங்களும் கலந்து பிறந்தது என்பதால். ஜென்னி என்றால் ஆங்கிலத்தில் பெட்டைக் கழுதை என்பது தற்செயல்தான், இருந்தாலும் பொருந்துகிறது.

இதுவரைக்கும் பேசினதெல்லாம் அப்பா கழுதை, அம்மா குதிரை. இதைத் திருப்பிப் போட்டால்? ஆண் குதிரைக்கும் பெட்டைக் கழுதைக்கும் பிறப்பது வேறு மிருகம். ஆங்கிலத்தில் ஹின்னி, பிரெஞ்சில் பார்தோ. காது கொஞ்சம் குட்டை, முகம் குதிரைச் சாயல், வாலில் மயிர் அதிகம், உடம்பு பெரும்பாலும் சின்னது. அபூர்வமாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் பெட்டைக் கழுதைக்குக் குதிரையால் சினை பிடிப்பது கஷ்டம், பிடித்தாலும் அந்தச் சின்ன வயிற்றில் குட்டி எவ்வளவு வளரும்? வண்டி இழுக்கவும் பாரம் சுமக்கவும் பெரிய உடம்புதான் வேண்டும் என்கிறவன் எதற்கு இதற்கு மெனக்கெடுவான்?

வேடிக்கை என்னவென்றால், குரோமோசோம் கணக்கில் ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. குதிரைக்கு 64, கழுதைக்கு 62, பாதிக்குப் பாதி போட்டால் எப்படிக் கூட்டினாலும் 63. ஆனாலும் பார்வைக்கு வேறுபடுகிறது. கருப்பையின் அளவு ஒரு காரணம், அப்பாவிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்கிற, அம்மாவிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்கிற சில மரபணுக்கள் இன்னொரு காரணம்.

தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டாவதுக்குத் தனிப் பெயர் கிடையாது, அதையும் கோவேறு கழுதை என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். சீனர்கள் இதைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள். கலப்புக்குப் பொதுவாக லுவோ என்று ஒரு சொல், அதன் முன்னால் அம்மாவின் பெயர். குதிரை வயிற்றில் பிறந்தால் மாலுவோ, கழுதை வயிற்றில் பிறந்தால் லூலுவோ. ஜெர்மானியர்களும் கழுதை வயிற்றில் பிறந்ததைத்தான் மவுலேசல் என்கிறார்கள், அதில் ஏசல் என்பது கழுதை. அந்த வழியில் போனால் நாம் இப்போது கோவேறு கழுதை என்பதைக் கோவேறு குதிரை என்று மாற்றிவிட்டு, பழைய பெயரை ஹின்னிக்குக் கொடுத்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

63 ஒற்றைப்படை. முட்டையும் விந்தும் உண்டாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும், இங்கே ஜோடி ஒழுங்காகச் சேர்வதில்லை, அதனால் குட்டி போடாது. ஆணுக்கு வாய்ப்பே இல்லை. பெட்டை மட்டும் எப்போதாவது ஈன்றதுண்டு, மொராக்கோவில் 2002-இலும் அமெரிக்காவின் கொலராடோவில் 2007-இலும் பிறந்த குட்டிகள் பெரிய செய்தி ஆயின. பாபிலோனைப் பாரசீக ராஜா தாரியஸ் முற்றுகை போட்டிருந்தபோது, மதில் மேலிருந்த ஒருத்தன், கோவேறு கழுதை குட்டி போட்டால் உங்களுக்கு எங்கள் ஊர் கிடைக்கும் என்று நக்கலடித்தானாம், பழைய கிரேக்க வரலாற்றுக்காரர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இருபதாவது மாதத்தில் பாரசீகத் தளபதி சோபிரஸின் கோவேறு கழுதை குட்டி போட்டது, அவன் ஒரு சூழ்ச்சி செய்து ஊரைப் பிடித்தும் கொடுத்தான். மகாபாரதத்தில் இதே சங்கதி இருட்டாக வருகிறது. தனக்கே அழிவு தேடிக்கொள்கிறவனுக்கு, கர்ப்பம் தரித்த அசுவதரியை உவமை சொல்வார்கள், சினையானால் அதுவே அவளுக்குச் சாவு என்று நம்பிக்கை.

குட்டி போடாத மிருகத்தை வைத்துத்தான் நகல் எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைக் குடும்பத்திலேயே முதல் குளோன் குதிரை இல்லை, ஐடஹோ ஜெம் என்கிற கோவேறு கழுதை. 2003 மே 4 அன்று அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. குதிரைக் குளோன் அதே மாதக் கடைசியில்தான் இத்தாலியில் வந்தது. பின்னால் இந்த ஜெம் பந்தயத்தில் வேறு ஓடியது.

இந்திய ராணுவத்தில் பெடோங்கி என்று ஒரு பெட்டைக் கோவேறு கழுதை இருந்தாள். ஸ்பெயினிலிருந்து வந்தவள், 1962-இல் சேர்ந்தாள். 1971 போரில் பாகிஸ்தான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட, முதுகில் ஏற்றியிருந்த துப்பாக்கியோடும் தோட்டாக்களோடும் தப்பித்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். கடைசிக் காலத்தில் அவளுக்கு நீல வெல்வெட் போர்வை போர்த்தி மரியாதை செய்தார்கள், 1998-இல் பரேலியில் இறந்தாள். பிடிவாதத்துக்குக் கோவேறு கழுதை என்று உலகமே பழமொழி வைத்திருக்கிறது. குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தால் நின்றுவிடும், இது அப்பா மாதிரி நின்று யோசிக்கிறது. பாலம் ஆடுகிறதா, மேலே இருக்கிறவனுக்கு அறிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

மோதியும் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயத்தில் அத்தையின் உயிரை எடுத்துவிட்டது. பாறை ஓரமாக இத்தனை அகலம் பாதை கிடக்க, அது பள்ளத்துப் பக்க விளிம்பில்தான் நடக்கும். ரெண்டு பக்கமும் மூட்டை கட்டிப் பழகின மிருகம், பாறையில் இடிக்காமல் இருக்கத் தள்ளியே போகுமாம். கீழே எங்கேயோ மந்தாகினி வெள்ளை நூலாகத் தெரிகிறது, மேலே அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிவனை விட்டுவிட்டு முருகனைக் கூப்பிடுகிறாள். ஒரு இடத்தில்கூட அதற்குக் கால் தடுக்கவில்லை. மேலே போய் இறங்கினதும் பையிலிருந்து வெல்லம் எடுத்து அதற்குக் கொடுத்தாள், உள்ளங்கையைத் துடைக்கக்கூட இல்லை.

ஊருக்கு வந்தபிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அந்த மலையில குதிரையிலதான் ஏறினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, அது கோவேறு கழுதை" என்றேன். அத்தை பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதுக்கு அம்மா யாரு?"

"குதிரை."

"பெறகென்ன? போய் வேலையைப் பாரு."